பெரிய சனிக்கிழமைத் திறப்பு

சம்மாட்டியின் மகளுடைய காது பாதி அறுந்து தொங்கியபோது யூஜீனியாவுக்கு ஏழு வயது. அறுத்தது கத்தியல்ல, யூஜீனியாவின் பல். சம்மாட்டியின் மகள் இவளுடைய கையிலிருந்த பனங்கிழங்கைப் பிடுங்கினாள். இவள் கிழங்கை விட்டுவிட்டுக் காதைக் கவ்விக்கொண்டாள். மூன்று பெண்கள் சேர்ந்து இழுத்தும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தகப்பன் பஸ்தியான் ஓடிவந்து, அவளுடைய மூக்கைப் பொத்தி, மூச்சுத் திணற வைத்துத்தான் காதை மீட்டான். மீட்ட கையோடு அவளை மணலில் தள்ளி மிதித்தான். சுற்றி நின்றவர்கள் தடுக்கவில்லை. ஏன் தடுக்கப்போகிறார்கள்? அவள் கடிப்பதும் அவன் மிதிப்பதும் அந்தக் கரையில் அன்றாடம் நடக்கிற சங்கதிதான். சம்மாட்டி வீட்டுக் காது என்பது மட்டும்தான் புதிது.

ஜெர்மன் சண்டை தொடங்கி இரண்டாம் வருஷம் அது. பருவம் பார்த்துச் சிலாபத்திலிருந்து வந்த நாற்பது குடும்பங்கள் குறிஞ்சிப்பிட்டிக்கு மேற்கே கடலோரத்தில் வாடி என்கிற ஓலைக் குடிசைகள் போட்டுக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தன. வலை, தோணி, கயிறு, நின்ற மணல் எல்லாமே அன்ரனிப்பிள்ளைச் சம்மாட்டியுடையவை. அவர் மகளின் காதில் மஞ்சளை அப்பிவிட்டு நேரே பஸ்தியானின் வாடி வாசலுக்கு வந்தார்.

"உன்ட ஊமைச்சிக்கு ஒரு முடிவு கட்டு பஸ்தியான். இல்லாட்டி சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு சிலாபத்துக்கு நட."

"பெரிய சனிக்கு இன்னொருக்கா திறப்புப் போடுறன் சம்மாட்டி" என்றான் பஸ்தியான். "இந்தமுறை ஆழமாப் போடச் சொல்லி மூப்பரிட்டச் சொல்லுறன்."

உள்ளே மீனுக்கு உப்பு அடித்துக்கொண்டிருந்த மார்த்தா அதைக் கேட்டதும் உப்புச் சட்டியைக் கீழே வைத்தாள். யூஜீனியா அவள் பெற்ற ஒரே பிள்ளை. போன வருஷத்துத் திறப்பை அவள் இன்னும் மறக்கவில்லை.

விஷயம் இதுதான். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வியாழனன்று கோயில் மணியின் வாய் அடைக்கப்படும். வெள்ளி முழுக்க மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சனிக்கிழமை காலைப் பூசையில், சுவாமியார் பீடத்தில் நின்று பாட்டை எடுத்ததும், அடைபட்டிருந்த மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். அந்த நேரம் பார்த்து, ஊமைப் பிள்ளையின் வாய்க்குள் கோயில் பூட்டின் பெரிய இரும்புத் திறப்பை விட்டு மூன்று தரம் திருப்பினால், மணிக்கு நாக்கு அவிழ்ந்த மாதிரிப் பிள்ளைக்கும் அவிழும் என்று அந்தக் கரைச் சனம் நம்பியது. தகப்பன் தலையைப் பிடிக்க வேண்டும். தாய் இரண்டு கைகளையும் பிடிக்க வேண்டும். திறப்பு வைத்திருக்கும் கோயில் மூப்பர் அருமைநாயகம் திருப்புவார். எல்லாம் கோயிலின் பின்வாசலில், சுவாமியாருக்குத் தெரியாமல் நடக்கும். முதல் வருஷம் இரத்தம் மட்டும் வந்தது. போன வருஷம் இரண்டு பல் போய், அண்ணம் கிழிந்து, எட்டு நாள் யூஜீனியா கஞ்சித் தண்ணியில் கிடந்தாள். நாக்கு மட்டும் அவிழவில்லை. மூன்றாம் தரம் தவறாது என்று மூப்பர் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, அவருடைய வாயா?

எல்லோரும் நாக்கைத்தான் பார்த்தார்கள். காதைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. அதற்குக் காரணம் பஸ்தியான்தான். பிள்ளையைத் தோணிக்குள் உட்கார வைத்து, பின்னால் நின்று பலகையில் காலால் தட்டுவான். அவள் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். "பார்த்தீங்களா? காது கேக்குது. கதைக்கிறாள் இல்ல. திமிர்" என்று ஊருக்கெல்லாம் காட்டுவான். காது கேட்கிற பிள்ளை கூப்பிட்டால் வராமல் இருந்தால் அடிக்காமல் என்ன செய்வது? அப்படித்தான் அடி தொடங்கியது. மார்த்தாவும் ஒன்றும் சளைத்தவள் அல்ல. கூப்பிட வேண்டுமானால் முதுகில் ஒரு கல். வேண்டாம் என்று சொல்ல ஒரு அறை. சாப்பிட வா என்பதற்குக் காதைப் பிடித்து ஓர் இழுவை. ஈர்க்குக் கட்டு அவளுடைய இடுப்பிலேயே செருகியிருக்கும்.

காது அறுந்த மறுநாள் காலை, யூஜீனியா வாடிக்கு முன்னால் மணலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கருவாட்டில் காகம் விழுகிறது, எழும்பித் துரத்து என்று மார்த்தா ஐந்து தரம் கத்தினாள். பிள்ளை அசையவில்லை. மார்த்தாவுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்த கஞ்சிப் பானையைத் தூக்கி, பிள்ளைக்குப் பின்னால் கிடந்த நங்கூரக் கல்லில் ஓங்கி அடித்தாள். பானை வெடி மாதிரிச் சிதறியது. காகங்கள் பறந்தன. பக்கத்து எட்டு வாடிப் பெண்களும் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள். யூஜீனியா மட்டும் தலையைத் திருப்பவில்லை. மணலில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

மார்த்தா அப்படியே நின்றாள். பிறகு ஒரு எண்ணெய்த் தகரத்தை எடுத்துவந்து பிள்ளையின் தலைக்குப் பின்னால் தடியால் விளாசினாள். ஒன்றுமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கரையில் கிடந்த தோணிக்குள் வைத்து, பலகையில் ஒரு விரலால் மெல்லத் தட்டினாள். யூஜீனியா உடனே திரும்பினாள். அவள் கேட்டுத் திரும்பவில்லை. உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்ததால் திரும்பினாள்.

"ஐயோ மாதாவே" என்று மார்த்தா தோணியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷம்! இந்தப் பிள்ளைக்கு ஒரு தாலாட்டும் கேட்கவில்லை, ஒரு ஏச்சும் கேட்கவில்லை. அவளிடம் போய்ச் சேர்ந்தது அடி ஒன்றுதான். மனிதர் மனிதரோடு கதைப்பது இப்படித்தான் என்று அவள் நினைத்திருப்பாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷையில் அவளும் திருப்பிக் கதைத்திருக்கிறாள், பல்லாலும் நகத்தாலும். ஊர் அதைப் பேய் என்றது. மார்த்தாவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் இடுப்பிலிருந்த ஈர்க்குக் கட்டை எடுத்து அலையில் எறிந்தாள். அது அடுத்த அலையில் திரும்பிக் கரைக்கு வந்தது. காலால் மிதித்து மணலுக்குள் புதைத்தாள்.

பகல் சோற்றுக்கு வந்த பஸ்தியானிடம் சொன்னாள். அவன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு ஓர் அறை விட்டான்.

"ஊமைச்சி எண்டு சொல்லுறது காணாதா? செவிடியும் எண்டு ஊருக்குச் சொல்லப் போறியா? தோணியில திரும்பிப் பார்க்கிறதை நான் என்ட கண்ணால பார்க்கிறன்."

அவனோடு மல்லுக்கட்டிப் பிரயோசனம் இல்லை என்று மார்த்தாவுக்குத் தெரியும். பிள்ளைக்கு விளங்குகிறது என்று அவன் கண்ணால் பார்த்தால்தான் திறப்பிலிருந்து தப்பலாம். தவக்காலம் தொடங்கி ஒரு கிழமை, ஏழு நாள்தான், ஆகியிருந்தது. பெரிய சனிக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. ஆனால் எதைக்கொண்டு கதைப்பது?

பதில் கரையிலேயே நின்றது. கரைவலைக்காரருக்குத் தொண்டையால் வேலை இல்லை. கடல் இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் தோணிக்குக் கேட்காது. கயிற்றின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்குக்கூடக் கேட்காது. அதனால் நிக்கொலஸ் என்கிற நெட்டை மனிதர் நடுக்கரையில் நின்று கையால் எல்லாம் சொல்வார். நெஞ்சுப் பக்கம் இழுத்தால் வா. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் பொறு. இரண்டு முஷ்டியையும் முன்னால் நீட்டிச் சட்டென்று விரித்தால் விடு, கயிற்றை விடு. இழுவை ஒருபக்கம் கூடி வலை கிழியப் போகும்போதுதான் அந்தக் கடைசிக் கையைக் காட்டுவார். காட்டிய கணத்தில் விட வேண்டும். வலையின் இரண்டு கயிறுகளில் வடக்குக் கயிற்றுக்கு முதல் ஆள் பஸ்தியான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு மூச்சு நேரம் தாமதித்தான். கயிறு அவனுடைய சின்னி விரலைப் பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு யாரோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றாலும், ஓரக்கண்ணில் அந்த முஷ்டிகள் விரிந்தால் அவனுடைய கைகள் தாமாகத் திறந்துவிடும்.

நாள் முழுக்கக் கையால் கதைத்துப் பிழைக்கிற மனிதன் வீட்டுக்கு வந்து செவிட்டுப் பிள்ளையிடம் தொண்டை கிழியக் கத்துகிறான். இந்தக் கூத்தை ஏழு வருஷமாகப் பார்த்தும் தனக்கு உறைக்கவில்லையே என்று மார்த்தாவுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

முதல் சொல் இரத்தத்தில்தான் வந்தது. கல் எறியாமல் மார்த்தா பிள்ளையின் முன்னால் போய் நின்று நெஞ்சுப் பக்கம் கையை இழுத்துக் காட்டினாள். ஓங்கிய கை என்று நினைத்த யூஜீனியா பாய்ந்து அவளுடைய முன்கையைக் கவ்வினாள். மார்த்தாவின் மற்றக் கை பழக்கத்தில் அறையப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிறுத்தினாள். கடிபட்ட கையின் முஷ்டியையும் மற்ற முஷ்டியையும் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் நீட்டி விரித்தாள். விடு. மறுபடியும் விடு. இரத்தம் முழங்கை வழியாக மணலில் சொட்டியது. எத்தனை தரம் விரித்தாளோ தெரியாது. பிள்ளையின் கண் அந்த விரல்களுக்குப் போனது, தாயின் முகத்துக்கு வந்தது, திரும்ப விரல்களுக்குப் போனது. அடி வரவில்லையே என்ற ஆச்சரியத்திலோ என்னவோ, தாடை மெல்லத் தளர்ந்தது. மார்த்தா வலியையும் மறந்து பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். யூஜீனியா அந்தத் தடவலுக்கும் ஒடுங்கினாள்.

அடுத்த நாளும் கடித்தாள். அதற்கடுத்த நாளும் கடித்தாள். மார்த்தாவின் இரண்டு கையும் புண்ணாகிப் போயின. அந்தப் புண்ணில் மீன் உப்பு பட்டு எரியும்போது வாயில் வந்த வசவையெல்லாம் சொல்லுவாள். பிள்ளைக்குக் கேட்காதது அப்போது வசதியாகவும் இருந்தது. சில நாள் பொறுக்க மாட்டாமல் அறைந்தும்விட்டாள். அறைந்த நாளில் கற்றதெல்லாம் பாழ். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாம் கிழமை, பேன் பார்க்கும்போது அது நடந்தது. சீப்பு சிக்கில் மாட்டியது. மார்த்தா வெடுக்கென்று இழுத்தாள். யூஜீனியா திரும்பினாள். மார்த்தா கடியை எதிர்பார்த்துக் கையைச் சுருக்கினாள். பிள்ளை கடிக்கவில்லை. இரண்டு சின்ன முஷ்டிகளையும் நீட்டி, விரித்தாள்.

மார்த்தா சீப்பையும் தலைமயிரையும் விட்டாள். யூஜீனியா தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தாயின் கையைத் தானே பிடித்து இழுத்துத் தன் மயிரில் வைத்தாள், முஷ்டியை விரித்தாள், தாய் விட்டாள். திரும்ப வைத்தாள், திரும்ப விரித்தாள், தாய் திரும்ப விட்டாள். அன்று பின்னேரம் வரை அதே வேலைதான். இருபதாம் தரம் போல யூஜீனியா சிரித்தாள், கரகரவென்று, தகரம் உரசுகிற மாதிரி. தான் சொல்லி இந்த உலகத்தில் ஒன்று நடக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மார்த்தா அழுதுகொண்டே மயிரைப் பிடித்துப் பிடித்து விட்டாள்.

அதன் பிறகு வா வந்தது, பொறு வந்தது, வயிற்றைத் தட்டிச் சோறு வந்தது. கடி குறைந்தது. ஆனால் குருத்தோலை ஞாயிறன்று, கோயிலிலிருந்து வந்ததும், தாயும் மகளும் கை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பஸ்தியான் பார்த்துவிட்டான். கண்ணால் பார்த்தால் நம்புவான் என்று மார்த்தா நினைத்தது எவ்வளவு பெரிய பிழை!

"இதுதான் சங்கதியா?" என்று கத்தினான். "கையால கதைச்சுப் பழகினால் வாய் ஏனடி திறக்கும்? மூப்பர் திறக்கப் பார்க்கிறதை நீ பூட்டுறியா?"

துடுப்புக் கட்டையால் மார்த்தாவின் முதுகில் நாலு வைத்தான். பிறகு வலை நூலை எடுத்து யூஜீனியாவின் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினான். பெரிய சனி வரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்றான். அவன் வலை இழுக்கப் போனதும் மார்த்தா அவிழ்த்துவிடுவாள். வருகிற நேரம் பார்த்துக் கட்டிவிடுவாள். தாயே தன் கையைக் கட்டுவதைப் பிள்ளை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். நூல் மணிக்கட்டில் தோலை அறுத்தது. மூன்றாம் நாளிலிருந்து அவிழ்த்துவிட்டாலும் யூஜீனியா கையை ஆட்டவில்லை. மறுபடி பல்லைக் காட்டினாள்.

புத்தளத்துக்கு ஓடிவிடலாமா என்று மார்த்தா நினைத்தாள். ஓடிப்போய் யார் வாசலில் நிற்பது? அதோடு, உண்மையைச் சொல்ல வேண்டுமே, அவளுடைய மனதின் ஒரு மூலையில் ஒரு நப்பாசையும் இருந்தது. ஒருவேளை மூன்றாம் தரம் திறந்துவிட்டால்? ஒருவேளை பிள்ளை அம்மா என்று சொல்லிவிட்டால்? அந்த ஆசைதான் அவளைச் சனிக்கிழமை காலை கோயில் பின்வாசலுக்கு நடத்திக்கொண்டு போனது.

மூப்பர் அருமைநாயகம் திறப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசி வைத்திருந்தார். ஒரு சாண் நீளம், நுனியில் இரண்டு இரும்புப் பல். பஸ்தியான் மணலில் உட்கார்ந்து பிள்ளையை மல்லாத்தி, தலையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, இரண்டு கையாலும் தாடையை நெம்பித் திறந்தான். மார்த்தா நூலை அவிழ்த்து, பிள்ளையின் இரண்டு முஷ்டிகளையும் தன் கைகளுக்குள் வைத்து இறுக்கினாள். தான் பிடிப்பதால் மெல்லப் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் பிள்ளை துள்ளிய துள்ளலில் மெல்லப் பிடிக்க முடியவில்லை.

உள்ளே சுவாமியாரின் குரல் எழும்பியது. மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. மூப்பர் திறப்பை உள்ளே விட்டு முதல் தரம் திருப்பினார். கடைவாயால் இரத்தம் வழிந்து பஸ்தியானின் விரல்களுக்கு மேலாக ஓடியது. யூஜீனியாவின் தொண்டையிலிருந்து ஒரு அலறல் வந்தது.

"சத்தம் வருது! நாக்கு அவிழுது!" என்று மூப்பர் சந்தோஷத்தில் கூவினார். "விடாமல் பிடியுங்க! இன்னும் ரெண்டு திருப்பு!"

அப்போது மார்த்தாவின் கைகளுக்குள் ஏதோ முட்டியது. பிள்ளையின் முஷ்டிகள் விரியப் பார்த்தன. முடியாமல் மூடின. மறுபடி விரியப் பார்த்தன. அது துள்ளல் அல்ல என்று மார்த்தாவுக்கு விளங்கியது. பிள்ளை கதைக்கிறது. தாயிடம் கெஞ்சுகிறது. கை என்கிற அந்த வாயைத் தான்தான் பொத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மணியும் மூப்பரும் அலறலும் ஒரு பக்கம் கிடக்க, அவளுக்கு அந்த இரண்டு முஷ்டிகள் மட்டும் கேட்டன.

மார்த்தா கையை எடுத்தாள்.

பிள்ளை தகப்பனின் கண்ணைத் தோண்டியிருக்கலாம். முன்பு ஒருதரம் தோண்டப் பார்த்தவள்தான். தோண்டவில்லை. தனக்கு மேலே தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்துக்கு நேரே இரண்டு முஷ்டிகளையும் தூக்கி, விரித்தாள்.

பஸ்தியானின் கைகள் திறந்தன.

அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் விட்டிருக்க மாட்டான். தாடை விடுபட்டதும் யூஜீனியா தலையை உதறி, மூப்பரின் பிடியிலிருந்து நழுவிய திறப்பைத் துப்பிவிட்டு உருண்டு தாயின் பின்னால் போனாள்.

"ஏன்டா விட்டாய்?" என்று மூப்பர் கத்தினார்.

பஸ்தியான் தன் கைகளைப் பார்த்தான். "கை காட்டினாள்" என்றான். "விடச் சொல்லிக் கை காட்டினாள் மூப்பர். விட்டன்."

"மணி அடிச்சு முடியப் போகுது! பிடிடா!" மூப்பர் குனிந்து திறப்பை எடுத்துக்கொண்டு மற்றக் கையால் யூஜீனியாவின் மயிரைப் பற்றினார். மார்த்தா அந்தக் கையைத் தன் பல்லால் கவ்வினாள். மகளிடம் பட்ட கடிகளிலிருந்து எங்கே கவ்வினால் வலிக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மூப்பர் திறப்பால் அவளுடைய நெற்றியில் அடித்தார், அவள் விடவில்லை. இரண்டாம் அடிக்குத் திறப்பு உயர்ந்தபோது பஸ்தியான் எழுந்து அந்தக் கையை முறுக்கினான். திறப்பு விழுந்தது. முறுக்கிய பிறகும் அவனுக்கு அடங்கவில்லை. மூப்பரின் முகத்தில் குத்தினான், விழுந்தவரை மிதித்தான். கோபம் வந்தால் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். யூஜீனியா அந்தக் கைகளையும் கால்களையும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வாசலுக்குச் சனம் ஓடிவருவதற்குள் மார்த்தா இருவரையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

கோயிலிலிருந்து வாடிக்கு ஒரு கட்டை தூரம், ஒரு மைலும் முழுக்க மணல். மூப்பரை அடித்தாயிற்று, இனி அந்தக் கரையில் இருக்க முடியாது. பின்னேரத்துக்குள் சம்மாட்டியின் ஆட்கள் வாடியைப் பிடுங்கிப் போடுவார்கள். மார்த்தாவும் பிள்ளையும் முன்னால் போனார்கள். பஸ்தியான் பின்னால் வந்தான். "புள்ள" என்று ஒருதரம் கூப்பிட்டான். கூப்பிட்ட பிறகு, தான் செய்த மடைத்தனம் தெரிந்து வாயை மூடிக்கொண்டான். விறுவிறுவென்று நடந்து அவர்களுக்கு முன்னால் வந்து, பிள்ளையைப் பார்த்து நின்று, வா என்று காட்டுவதற்காக வலது கையைத் தூக்கினான்.

யூஜீனியா மணலில் விழுந்தாள். முழங்காலை வயிற்றோடு மடக்கி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திச் சுருண்டுகொண்டாள்.

தூக்கிய கை தூக்கியபடி நின்றது. "நான் அடிக்க வரல்ல" என்றான் பஸ்தியான். "நான் கூப்பிட்டன், மார்த்தா. கூப்பிடத்தான் கையைத் தூக்கினன்."

மார்த்தா நெற்றியில் வழிந்த இரத்தத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவனுக்காக அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"அடிக்க மாட்டன் எண்டு எப்படிக் கை காட்டுறது?" என்று அவன் கேட்டான். "எனக்குச் சொல்லித் தா."

"அதுக்குக் கை இல்ல" என்றாள் மார்த்தா. "நாளைக்கு அடியாமல் இருங்க. நாளண்டைக்கும் அடியாமல் இருங்க. எத்தினை வருஷம் அடிச்சமோ அத்தினை வருஷம் ரெண்டு பேரும் அடியாமல் இருப்பம். அவள் விளங்கிக்கொள்ளுவாள்."

அவன் கையை இறக்கினான். மார்த்தா பிள்ளையைத் தூக்கி நிறுத்தி மணலைத் தட்டிவிட்டாள். மூன்று பேரும் திரும்ப நடந்தார்கள். யூஜீனியா தாயின் மறுபக்கத்தில், தகப்பனின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.